எஃகுச் சுவருக்குள்ளே என்ன இருக்கு?

துவாஸ், ஜூரோங் பக்கம் போனா, ஜன்னல் அதிகம் இல்லாத, பெரிய பெட்டி மாதிரியான கட்டடங்களைப் பார்த்திருப்பீங்க. உணவுத் தொழிற்சாலைகள், குளிர்பதனக் கிடங்குகள் எனப் பல இடங்களில் வெளிச்சுவர் செங்கல்லும் இல்லை, கான்கிரீட்டும் இல்லை. வெப்பத்தைத் தடுக்கும் எஃகுப் பேனல்கள்தான்.

அதன் அமைப்பு சாண்ட்விச் மாதிரி. இரண்டு பக்கமும் 1 மில்லிமீட்டர்கூட இல்லாத மெல்லிய எஃகுத் தகடு. நடுவில் வெப்பத்தைத் தடுக்கும் பொருள்.

ஏன் இதைப் பயன்படுத்துறாங்க?

முதல் காரணம் வெயில். கான்கிரீட் சுவர் பகல் முழுக்கச் சூட்டை வாங்கி, மெதுவா உள்ளே விடும். அப்புறம் ஏர்கான் கூடுதலா உழைக்கணும். பேனலின் நடுவில் இருக்கும் நுரையில் கோடிக்கணக்கான நுண்ணிய குமிழ்கள் இருக்கு. அவற்றைத் தாண்டிச் சூடு எளிதில் போகாது. ஒரே தடிமனில் பார்த்தா, அது கான்கிரீட்டைவிட 50 மடங்குக்கும் மேல் வெப்பத்தைத் தடுக்கும்.

குளிர்பதனக் கிடங்குக்குள்ளே மைனஸ் 18 டிகிரி, வெளியே 32 டிகிரி. 50 டிகிரி வித்தியாசத்தை அந்தச் சுவர்தான் தாங்குது.

இரண்டாவது காரணம் வேகம். பேனல்கள் தொழிற்சாலையிலேயே தயாராகி வரும். பாரந்தூக்கியால் தூக்கி, ஒன்றோடு ஒன்றைக் கோத்துப் பொருத்தினால் போதும்.

அப்போ பிரச்சினை எங்கே?

ஒன்று, இணைப்புகளில். நம்ம ஊர்க் காற்றில் ஈரப்பதம் அதிகம். இணைப்பில் சின்ன இடைவெளி இருந்தாலும் ஈரக் காற்று குளிர்ந்த பக்கம் நோக்கிப் போய், அங்கே நீராக மாறும். குளிர்பதன அறையாக இருந்தா பனியா உறையும். நாளடைவில் நுரை ஈரமாகும், எஃகு துருப்பிடிக்கும். குளிர்நாடுகளில் ஈரம் வீட்டுக்குள்ளிருந்து வெளியே போகும். இங்கே தலைகீழ். அதனால் வெளிப்பக்க இணைப்பைக் கவனமா அடைக்கணும்.

மற்றொன்று இன்னும் முக்கியமானது: தீ.

எஃகு எரியாது. ஆனா நடுவில் இருப்பது எரியலாம். ஸ்டைரோஃபோம் சூட்டில் உருகி எரியும். பாலியூரிதேன் எரிந்தால் நச்சுப் புகை வரும். பிஐஆர் எனும் வகை மேற்பரப்பில் கரியாகித் தீ பரவுவதைத் தாமதப்படுத்தும். கல்லை உருக்கி நூலாக்கிச் செய்யும் ராக்வூல் எரியாது. ஆனா கனம் அதிகம், அதே பலன் கிடைக்கக் கூடுதல் தடிமனும் வேணும்.

சிக்கல் என்னன்னா, வெளியே இருந்து பார்த்தா நாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டு தகடுகளுக்கு நடுவே தீ மறைவாகப் பரவும்போது, தீயணைப்பாளர்கள் அடிக்கும் தண்ணீரும் அங்கே எளிதில் போய்ச் சேராது.

இது நிஜமாவே நடந்திருக்கா?

2020 ஏப்ரல் 29ஆம் தேதி, தென்கொரியாவின் இச்சோன் நகரில் கட்டுமானத்தில் இருந்த கிடங்கு ஒன்று தீப்பிடித்தது. பற்றவைப்பு வேலையின்போது பறந்த பொறி, யூரிதேன் நுரையில் பட்டதாக விசாரணையில் தெரியவந்தது. சுவர்களில் இருந்தவை சாண்ட்விச் பேனல்கள். 38 பேர் மாண்டனர்.

சிங்கப்பூரிலும் ஒரு பாடம் உண்டு. 2017 மே மாதம் தோ குவான் ரோட்டில் நடந்த தீயில் ஒரு பெண் உயிரிழந்தார். அங்கே இருந்தவை எஃகுப் பேனல்கள் அல்ல, அலுமினியக் கலவைத் தகடுகள். ஆனா அமைப்பு அதேதான்: வெளியே உலோகம், நடுவே வேறு பொருள். அந்தத் தகடுகள் தீப் பாதுகாப்புத் தரத்தை எட்டவில்லை எனச் சோதனையில் தெரிந்தது. அதன்பின் 30க்கும் மேற்பட்ட கட்டடங்கள் மீது சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் கவனம் திரும்பியது.

நாம என்ன செய்யலாம்?

இப்படிப்பட்ட கட்டடத்தில் நீங்க வேலை செய்தால், மூன்று விஷயங்களை மறக்காதீங்க.

சுவரில் நீங்களா துளை போடாதீங்க. ஒரு சின்ன ஓட்டை போதும், ஈரமும் தீயும் உள்ளே போக.

பக்கத்தில் பற்றவைப்பு வேலை நடந்தா, சுவரின் நடுவில் என்ன இருக்குன்னு முதலில் கேளுங்க.

ஃபோர்க்லிஃப்ட் இடித்துத் தகடு பிளந்திருந்தா, அதைச் சும்மா விடாம கட்டட நிர்வாகியிடம் உடனே சொல்லுங்க. நுரை வெளியே தெரிந்தால், எஃகு தரும் பாதுகாப்பு அந்த இடத்தில் இல்லை என்று அர்த்தம்.