மாமாவின் நாலு வால்வும் ஒரு 'டி' சட்டமும்

சின்னமனூரில் மைக்செட் வைத்திருந்த மாமாவின் பெட்டியில் நாலு வால்வு மிச்சமிருந்தது. நாலுமே இசிசி 83. வாங்க வந்தவர் முல்லார்டு ஒன்றுக்கு மட்டும் நல்ல விலை சொன்னார். உள்ளே 'டி' கெட்டர், நீள பிளேட் என்று காரணமும் சொன்னார். பெங்களூர் பெல் மூன்றையும் தள்ளி வைத்துவிட்டார். "வீரபாண்டி திருவிழால எல்லாம் ஒண்ணாத்தானே மாப்ள பாடுச்சு?" என்றார் மாமா.

நியாயமான கேள்வி. வால்வின் உச்சியில் தெரியும் வெள்ளிப் பூச்சு பேரியம். உள்ளே மிஞ்சிய வாயுவைப் பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை. அதைத் தாங்கும் சட்டம் முதலில் 'டி' எழுத்து மாதிரி இருந்தது, பிறகு வட்ட வளையமானது. சிக்னல் அந்தப் பக்கமே போவதில்லை. சத்தம் எப்படி மாறும்? நீள பிளேட்டில் சிக்கலே உண்டு. அதிர்வை எளிதாக வாங்கும், தட்டினால் ஸ்பீக்கரில் 'டங்'குன்னு கேட்கும்.

அப்புறம் எதுக்கு விலை? அடையாளத்துக்கு. பிலிப்ஸ் குழும வால்வுகளின் கண்ணாடியில் 'பி7சி2' மாதிரி ஒரு குறி இருக்கும். பிளாக்பர்ன் ஆலை, 7இல் முடியும் வருடம், மார்ச், இரண்டாவது வாரம். 1957ஆ, 1967ஆ? அதைக் குறி சொல்லாது, பிளேட்டும் கெட்டரும்தான் சொல்லும். மேலே அச்சிட்ட பெயரை அழித்து வேறு பெயர் அடிக்கலாம். உள்ளே இருக்கும் உலோகத்தை மாற்ற முடியாது.

போடி ஏலத்தில் 8 மி.மீ.க்கு மேற்பட்ட பச்சை ஏலக்காய்க்கு விலை கூட. அங்கே பருமன் உள்ளே இருக்கும் அரிசியைப் பற்றி ஏதோ சொல்லும். வால்வின் உருவம் பிறந்த ஊரைத்தான் சொல்லும். உடம்பு எப்படி இருக்குன்னு டெஸ்டர்தான் சொல்லணும்.

நண்பர் ஒருவரின் டெஸ்டரில் நாலையும் வைத்தோம். இசிசி 83க்குள் இரண்டு டிரையோடு. முல்லார்டில் ஒன்று தளர்ந்திருந்தது. 1961இல் வால்வு தயாரிக்கத் தொடங்கிய பெல்லின் மூன்றில் இரண்டு நல்ல நிலையில் இருந்தன.

வாங்க வந்தவரிடம் அதையும் சொன்னோம். கொஞ்சம் குறைத்தார், ஆனாலும் வாங்கிக்கொண்டார். அவர் காசு கொடுத்தது வருடத்துக்கு, அதில் தப்பில்லை. பாட்டுக்கு என்றால் அந்த விலை கொடுக்காதீங்க. மாமாவின் ஆம்ப்ளிபயரில் இப்போ பாடுவது பெல்தான்.