‘வீ’ எப்படி ‘வ’ ஆனது?

பிரிக்ஃபீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையைத் தெரியாதவர் இருக்க முடியாது. அந்தச் சாலைக்குப் பெயர் தந்த தலைவரைத் தமிழில் வீ. தி. சம்பந்தன் என்று எழுதுகிறோம். தந்தை வீராசாமி என்பதால் ‘வீ’. திருஞானசம்பந்தன் என்ற பெயரின் முற்பகுதிக்காக ‘தி’. இதே வேலையை ஒரு கணினி நிரலிடம் கொடுத்துப் பாருங்கள். பல நிரல்கள் ‘வ. த. சம்பந்தன்’ என்றுதான் திருப்பித் தரும்.

சின்ன விஷயம்தானே என்று விட முடியவில்லை. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது; அப்பாவின் பெயரைச் சுமப்பது அந்த ஓரெழுத்துதான். ஒரே வகுப்பில் இரண்டு மீனா இருந்தால், ஒருத்தி கு. மீனா, இன்னொருத்தி கோ. மீனா. குப்புசாமியின் மகளும் கோவிந்தனின் மகளும் நிரலைக் கடந்து வரும்போது இருவருமே ‘க. மீனா’ ஆகிவிடுகிறார்கள். நற்சான்றிதழ் யாருடையது?

காரணம், நாம் பார்க்கும் எழுத்து வேறு, கணினி எண்ணும் குறி வேறு. யூனிகோடு முறையில் அ முதல் ஔ வரை, ஃ, பிறகு க, ங, ச எனத் தொடங்கும் 18 எழுத்துகள் ஆகிய 31க்கே தனி இடம் உண்டு. 247இல் மீதி 216 எழுத்துகள் இரண்டு குறிகள் சேர்ந்து உருவாகின்றன. ‘வீ’ என்பது வ, அதன் பின்னால் ஓர் ஈகாரக் குறி. ‘முதல் எழுத்தை எடு’ என்றால் நிரல் முதல் குறியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

நீண்ட சொல்லை வெட்டும்போதும் இதே கூத்துதான். ‘கிள்ளான்’ நமக்கு நான்கு எழுத்து, கணினிக்கு எட்டுக் குறி. ஐந்தாவது குறியில் வெட்டினால் மிஞ்சுவது ‘கிள்ள’. கிள்ளான்வாசிகள் கோபித்துக்கொள்ள வேண்டாம்!

இப்படிச் சொற்களைத் தேடவும் வெட்டவும் நிரலாளர்கள் பயன்படுத்துவது ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’, சுருக்கமாக ரெஜெக்ஸ். ஸ்டீபன் கிளீனி என்ற கணித அறிஞரின் சிந்தனையில் பிறந்து, 1968இல் கென் தாம்சன் வழியாகக் கணினிக்குள் வந்த கருவி. அதில் ‘பேக்ஸ்லாஷ் டபிள்யூ’ என்றால் ‘சொல்லில் வரும் எழுத்து’ என்று பொருள். ஆங்கிலத்தை மனத்தில் வைத்து வகுத்த பொருள் அது. பிரெஞ்சின் மேற்குறியிட்ட ‘இ’யைப் பார்த்ததும் பழைய நிரல்கள் சொல் முடிந்துவிட்டதென நினைத்து ‘கஃபே’யைப் பாதியில் நிறுத்தின. அவர்களின் குறியிட்ட எழுத்துகள் பலவற்றுக்குத் தனி இடம் கிடைத்துவிட்டதால் தொல்லை ஓரளவு தீர்ந்தது. நமக்குத் தீரவில்லை. இன்றும் பைத்தானின் வழக்கமான ரெஜெக்ஸிடம் ‘கிள்ளான்’ என்று கொடுத்தால் க, ள, ள, ன என நான்கு துண்டுகளாக்கிக் கையில் தருகிறது. புள்ளியும் கொம்பும் காலும் அதன் கணக்கில் எழுத்தே அல்ல.

மருந்து கடினமில்லை. ‘எழுத்து ஒன்று, அதைத் தொடரும் சார்புக் குறிகள் எத்தனை இருந்தாலும் சேர்த்து’ என்று வடிவத்தை எழுதினால் போதும். யூனிகோடு வகைப்பாட்டில் எழுத்துக்கு ‘எல்’, குறிக்கு ‘எம்’. ஜாவாஸ்கிரிப்டில் 2018 முதல் இந்த வசதி உண்டு. பெர்ல் போன்ற மொழிகளில் ‘பேக்ஸ்லாஷ் பெரிய எக்ஸ்’ என்ற ஒரே கட்டளை முழு எழுத்தையும் தூக்கி வரும்.

இருந்தாலும் ஸ்ரீதரன் தப்புவதில்லை. ‘ஸ்ரீ’யை அது ‘ஸ்’, ‘ரீ’ என்று பிரித்துவிடும். அதற்குத் தனியாக ஒரு விதி எழுதத்தான் வேண்டும். ‘கௌரி’யை ‘கெ’, ‘ள’ என இரண்டாகத் தட்டும் பழக்கமும் நம்மிடம் உண்டு. திரையில் வித்தியாசம் தெரியாது, சுருக்கினால் ‘கெ’ வரும். இதில் கணினியைக் குறை சொல்ல முடியாது.

தமிழைக் கணினியில் ஏற்றியதில் மலேசியாவின் பங்கு சிறியதல்ல. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் இங்கே பிறந்தது. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. தட்டச்சு செய்ய வழி பிறந்தது, எழுத்துருக்கள் வந்தன. ஆனால் இங்குள்ள நிரல்களில் பெரும்பாலானவை ரூமி எழுத்துக்காக எழுதப்படுபவை. மலாய் மொழிக்கு 26 எழுத்துகள் போதும். அடையாள அட்டையிலும் நம் பெயர் ரூமியில்தான் இருக்கிறது. அதனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் வேலை செய்யும் நம் பிள்ளைகளே, அலுவலகத்தில் இந்தச் சிக்கலைச் சந்திக்காமல் பல ஆண்டுகளைக் கடத்திவிடலாம். கோவில் மலருக்கோ தமிழ்ப்பள்ளிப் பட்டியலுக்கோ உதவப் போகும்போதுதான் அது முகத்தைக் காட்டும்.

அப்போதும் சோதனைக்கு ரவி, கமலா என்று பெயர் போட்டால் எல்லாம் சரியாகவே தெரியும். முதல் எழுத்தில் குறியே இல்லாத பெயர்கள் அவை. வீராசாமி, கோவிந்தன், கௌரி, ஸ்ரீதரன் நால்வரையும் உள்ளே அனுப்பிப் பாருங்கள். வீ, கோ, கௌ, ஸ்ரீ என்று வெளியே வந்தால் அச்சுக்குக் கொடுக்கலாம்.