தானே பதிப்பாளர் – 7: முந்நூறு புத்தகங்கள், ஒரு செல்ஃபி ஸ்டிக்

பரிசுப் பணம் கிடையாது. நுழைவுக் கட்டணமும் கிடையாது. மேடை, மாலை, பொன்னாடை எதுவும் இல்லை. 2015-ல் மார்க் லாரன்ஸ் இப்படி ஒரு போட்டியை அறிவித்தபோது, பத்து வருடம் கழித்தும் அது நடக்கும் என்று யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள்.

லாரன்ஸ் பிரிட்டனில் வாழ்பவர். ஆராய்ச்சி விஞ்ஞானியாக வேலை பார்த்தவர். 2011-ல் வந்த 'பிரின்ஸ் ஆஃப் தார்ன்ஸ்' நாவலால் ஃபேன்டஸி வாசகர்களிடையே பெயர் வாங்கியவர். பெரிய பதிப்பகத்தில் வசதியாக உட்கார்ந்துவிட்ட எழுத்தாளர் அவர். சொந்தக் காசில் புத்தகம் போடுகிறவர்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. ஆனாலும் ஆரம்பித்தார். 'செல்ஃப் பப்ளிஷ்டு ஃபேன்டஸி பிளாக்-ஆஃப்' என்பது முழுப் பெயர். அவ்வளவு நீளமாக யாரும் சொல்வதில்லை, எஸ்.பி.எஃப்.பி.ஓ. என்றுதான் சொல்கிறார்கள். ஜெயித்தவருக்குத் தரும் கோப்பைக்கு விளையாட்டாக 'செல்ஃபி ஸ்டிக்' என்று பெயர் வைத்தார்கள்.

சென்ற வாரம் அட்டைப்படம், விலை, அமேசானில் புத்தகத்தை எந்த அலமாரியில் வைப்பது என்பதையெல்லாம் பார்த்தோம். அத்தனையும் சரியாகச் செய்த பிறகும் ஒரு சுவர் இருக்கிறது. முகம் தெரியாத ஒருவர் எழுதிய ஐந்நூறு பக்க நாவலை எதற்காக இன்னொருவர் படிக்க வேண்டும்? கவிதைத் தொகுப்பு என்றால் நின்றபடியே நாலு பக்கம் புரட்டிப் பார்த்துவிடலாம். காவிய பாணி ஃபேன்டஸி அப்படி இல்லை. புதிய உலகம், புதிய வரைபடம், வாயில் நுழையாத ஊர்ப் பெயர்கள், போதாததற்கு 'முதல் பாகம்' என்ற எச்சரிக்கை வேறு. வாசகர் செலவழிப்பது பணம் மட்டுமல்ல, இரண்டு வார மாலை நேரமும்தான். எடிட்டர் பார்த்தாரா, பிழை திருத்தினார்களா, கதை முடியுமா, பாதியில் விட்டுவிடுவாரா என்ற சந்தேகம் சுயபதிப்பு என்றதுமே வந்துவிடும். விருது என்பது இந்தச் சந்தேகத்துக்கு மூன்றாம் ஆள் ஒருவர் சொல்லும் பதில். எழுத்தாளரே எத்தனை விளம்பரம் கொடுத்தாலும் அந்தப் பதில் ஆகாது.

லாரன்ஸின் போட்டி நடக்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், விஷயம் அதில்தான் இருக்கிறது. ஃபேன்டஸி நூல்களை விமர்சிக்கும் பத்து வலைப்பதிவுகள் நடுவர்கள். வருவது முந்நூறு புத்தகங்கள், ஆளுக்கு முப்பது. துணிக்கடையில் முப்பது சேலையைப் பிரித்துப் போட்டு ஒன்றை மட்டும் எடுப்பதுபோல, ஒவ்வொரு வலைப்பதிவும் தன் முப்பதிலிருந்து ஒன்றே ஒன்றை இறுதிச் சுற்றுக்கு அனுப்பும். முப்பதையும் கடைசிப் பக்கம் வரை யாரும் படிப்பதில்லை, சில அத்தியாயங்களிலேயே பல புத்தகங்கள் ஒதுக்கப்பட்டுவிடும். பிறகு அந்தப் பத்து புத்தகங்களையும் பத்து வலைப்பதிவுகளும் படித்துப் பத்துக்கு மதிப்பெண் போடும். சராசரியில் முதலில் நிற்பது வெல்லும். இதெல்லாம் முடிய ஏறக்குறைய ஒரு வருடம்.

இறுதிச் சுற்றுக்கு வந்த புத்தகத்துக்கு இதனால் என்ன கிடைக்கிறது? வேண்டியவர்கள் எழுதாத பத்து விமர்சனங்கள். சுயபதிப்பு நூல்களை வாங்கிக்கொள்வதே இல்லை என்று எழுதிப்போட்டிருந்த விமர்சகர்கள் அந்நாளில் ஏராளம். நூறு மின்னஞ்சல் அனுப்பினாலும் அவர்களிடமிருந்து பதில் வராது. போட்டி என்று வந்ததும் அந்தக் கதவு திறந்துவிட்டது. அதிலும் விமர்சனங்கள் ஒரே நாளில் கொட்டிவிடாமல் மாதக்கணக்கில் ஒவ்வொன்றாக வருகின்றன. பெரிய பதிப்பகத்தின் புத்தகத்துக்குக்கூட வெளியீட்டு வாரம் கழிந்தால் பேச்சு அடங்கிவிடுகிறது. இங்கே ஒரு வருடம் முழுக்கப் பேச்சு ஓடுகிறது. மதிப்பெண் பட்டியலை கிரிக்கெட் ஸ்கோர்போலப் பார்க்கிற கூட்டம் ஒன்றும் சேர்ந்துவிட்டது. என் கணக்கில் இந்த விருதின் சந்தைப் பயன் முக்கால்வாசி இதுதான், கோப்பை மிச்சம் கால்வாசி.

இதற்குச் சாட்சி, கோப்பையை வாங்காத ஒருவர். ஜோசையா பேன்கிராஃப்ட் 2013-ல் 'சென்லின் அசென்ட்ஸ்' என்ற நாவலைத் தானே வெளியிட்டார். பாபேல் கோபுரத்துக்குத் தேனிலவுக்குப் போன ஒரு பள்ளி ஆசிரியர், கூட்டத்தில் மனைவியைத் தொலைத்துவிட்டு, மாடி மாடியாகத் தேடி ஏறும் கதை. விற்பனை சொல்லிக்கொள்ளும்படி இல்லை. 2016-ல் இரண்டாவது ஆண்டுப் போட்டிக்கு அனுப்பினார். இறுதிப் பத்தில்கூட அது வரவில்லை. ஆனால் படித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. பேச்சு லாரன்ஸ் காதுக்குப் போனது, அவரும் படித்தார், படித்துவிட்டு ஊரெல்லாம் சொன்னார். ஆர்பிட் பதிப்பகம் 2018-ல் அதை வெளியிட்டது, நான்கு பாகத் தொடராகவும் அது முடிந்தது. அந்த இரண்டாவது போட்டியில் வென்ற புத்தகத்தைக் கேட்டால் பலருக்கு யோசிக்க வேண்டியிருக்கும், தோற்ற 'சென்லின்' சட்டென்று நினைவுக்கு வரும்.

வென்றவருக்கும் ஒன்றும் குறைவில்லை. ஜோனதன் ஃபிரெஞ்சின் 'தி கிரே பாஸ்டர்ட்ஸ்' அது. பன்றிமேல் சவாரி செய்யும் பாதி-ஆர்க் (பாதி அரக்கர்) வீரர்களின் முரட்டுக் கதை. அதை கிரௌன் பதிப்பகம் வாங்கி 2018-ல் கொண்டுவந்தது. ஆறாவது போட்டியில் வென்ற ஸ்காட்லாந்துக்காரர் ஜஸ்டின் லீ ஆண்டர்சனின் 'தி லாஸ்ட் வார்' 2023-ல் ஆர்பிட் மூலம் மறுபடி வெளிவந்தது. இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, 'ஜெயித்தால் பெரிய பதிப்பகம் வரும்' என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. நான்காவது போட்டியில் 'ஓர்கனாமிக்ஸ்' நாவலால் வென்ற ஜே. சக்கரி பைக்கைப் பாருங்கள். பூதங்களைக் கொன்று புதையல் எடுக்கும் வீரர்களுக்குப் பின்னால் முதலீட்டாளர்களும் பங்குச் சந்தையும் இருந்தால் எப்படி இருக்கும் என்ற நையாண்டி அது. அவர் தன் தொடரின் அடுத்த பாகங்களையும் சொந்தமாகவே வெளியிட்டார். அதுவும் ஒரு வழிதான். அதை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதற்கு ராயல்டி கணக்கு போதும். அமேசான் கிண்டிலில் 2.99 டாலரிலிருந்து 9.99 டாலர் வரை விலை வைத்தால் 70 சதவீதம் எழுத்தாளருக்கு. பெரிய பதிப்பகம் எதுவும் மின்நூலுக்கு அதன் அருகில்கூட வராது.

அந்தக் கணக்கில் ஒரு வளைவும் இருக்கிறது. இறுதிச் சுற்று அறிவிப்பு வந்த கையோடு முதல் பாகத்தின் விலையை 99 சென்டாக இறக்குவது இந்த வட்டாரத்தில் வழக்கம். அந்த விலைக்கு ராயல்டி 35 சதவீதம்தான், அதாவது புத்தகத்துக்கு ஏறக்குறைய 35 சென்ட். ஆயிரம் பிரதி விற்றாலும் மளிகைக் கடனுக்குக் காணாது. இரண்டாம் பாகமும் மூன்றாம் பாகமும் 4.99 டாலருக்கு அருகிலேயே காத்திருந்தால்தான் அந்த விலைக்குறைப்புக்கு அர்த்தம். விருது வாசகரை வாசல்வரை கூட்டிவருகிறது. உள்ளே ஒரே ஒரு அறை இருந்தால் அவர் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார். ஒற்றை நாவலோடு போட்டிக்கு ஓடுகிறவர்களிடம் நான் சொல்வது, அடுத்த பாகம் முடியும் வரை பொறுங்கள், போட்டி அடுத்த வருடமும் வரும் என்பதுதான். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் மின்னஞ்சல் பட்டியலில் சேர ஒரு இணைப்பு, அட்டையில் சின்னதாக 'இறுதிச் சுற்று' முத்திரை, அமேசான் பக்கத்தில் விமர்சகர்களின் இரண்டு வரி. இவையெல்லாம் அறிவிப்பு வருவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டிய வேலைகள். அறிவிப்பு வந்த பிறகு அட்டை வடிவமைப்பாளரைத் தேடினால் பரபரப்பு அடங்கியிருக்கும்.

வெளியே அதிகம் பேசப்படாத இன்னொன்று: முந்நூறு எழுத்தாளர்கள் ஒரே சமயத்தில் ஒரே படகில் ஏறுகிறார்கள். போட்டியாளர்கள் ஒருவர் புத்தகத்தை ஒருவர் படிப்பதும், சேர்ந்து தள்ளுபடி விற்பனை நடத்துவதும் சகஜமாகிவிட்டது. இந்தப் போட்டி வழியாக அறிமுகமான சிலர் 2018-ல் 'லாஸ்ட் லோர்' என்ற சிறுகதைத் தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். ஒருவரின் வாசகர் இன்னொருவரின் உலகத்தைச் சுவைத்துப் பார்க்க அது வழி. விளம்பரத்துக்குக் கொட்டும் காசைவிட இப்படி இடம் மாறி வரும் வாசகர் நிலைத்து நிற்பார்.

பெரிய விருதுகளின் கதை வேறு. 1953-லிருந்து தரப்படும் ஹியூகோ, அறிவியல் புனைவு, ஃபேன்டஸி எழுத்தாளர்களின் சங்கமான எஸ்.எஃப்.டபிள்யூ.ஏ. தரும் நெபுலா, இரண்டுமே சுயபதிப்பை விதிப்படி ஒதுக்குவதில்லை. அந்தச் சங்கம் 2015-லேயே சுயபதிப்பாளர்களுக்கு உறுப்பினர் கதவைத் திறந்துவிட்டது. ஆனால் இரண்டு விருதுகளிலும் உறுப்பினர்கள் தாங்கள் படித்ததைத்தான் முன்மொழிகிறார்கள். அதனால் முதலில் ஊர் படித்திருக்க வேண்டும், விருது பிறகுதான் வரும். டிராவிஸ் பால்ட்ரீ 2022 தொடக்கத்தில் தானே வெளியிட்ட 'லெஜெண்ட்ஸ் அண்ட் லாட்டேஸ்', வாளைத் தூக்கிப் போட்டுவிட்டு காபிக்கடை திறக்கும் ஓர் ஆர்க் பெண்ணின் கதை. அது ஹியூகோ, நெபுலா இரண்டின் இறுதிப் பட்டியலுக்கும் வந்தது. வந்தபோது அது டோர் பதிப்பகத்தின் புத்தகமாகிவிட்டிருந்தது. பால்ட்ரீ ஏற்கெனவே பேர்பெற்ற ஒலிப்புத்தகக் குரல் கலைஞர், வாசகர் வட்டம் கையில் இருந்தது. அதே இறுதிப் பட்டியலிலிருந்து சிறந்த நாவலுக்கான ஹியூகோவை வாங்கிய டி. கிங்ஃபிஷரும் அந்தப் பெயரில் பல நூல்களைச் சொந்தமாக வெளியிட்டவர்தான். ஆனால் வென்ற 'நெட்டில் அண்ட் போன்' டோர் வெளியிட்டது. அறிமுகமே இல்லாதவர் ஹியூகோவை நம்பிச் சந்தைத் திட்டம் போடுவது வேலைக்கு ஆகாது.

இனி கசப்பான பகுதி. விருது விற்பவர்கள் இருக்கிறார்கள். ஐம்பது, நூறு டாலர் கட்டணம், டஜன் கணக்கில் பிரிவுகள், ஒவ்வொரு பிரிவுக்கும் தங்கம், வெள்ளி, வெண்கலம், அதற்குக் கீழே 'கௌரவக் குறிப்பு'. நாவலை மூன்று பிரிவில் போட்டால் மூன்று மடங்கு கட்டணம். ஏதோ ஒன்று கிடைத்துவிடும், கிடைத்ததும் அடுத்த மின்னஞ்சல் வரும்: அட்டையில் ஒட்டும் ஸ்டிக்கர் சுருள் இவ்வளவு, சான்றிதழ் இவ்வளவு, விருந்துக்கு டிக்கெட் இவ்வளவு. நடுவர் யார் என்று கேட்டால் 'துறை வல்லுநர்கள்' என்பார்கள், பெயர் வராது. விக்டோரியா ஸ்ட்ராஸ் நடத்தும் 'ரைட்டர் பிவேர்' இதைப் பல வருடமாக அம்பலப்படுத்தி வருகிறது. சுயபதிப்பாளர்களின் சர்வதேசக் கூட்டமைப்பான 'அல்லை' (ALLi), எந்த விருது நம்பத்தக்கது, எதில் எச்சரிக்கை தேவை என்று தரப்படுத்தி வைத்திருக்கிறது. கட்டணம் வாங்குகிற விருதெல்லாம் மோசடி என்று சொல்ல மாட்டேன். நான் பார்ப்பது ஒன்றுதான்: அந்த விருதைப் பார்த்துப் புத்தகம் வாங்கும் வாசகர் எங்காவது இருக்கிறாரா? ஃபேன்டஸி வாசகர்கள் கூடும் இடத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்காவது தெரியுமா? தெரியாது என்றால் அந்த ஸ்டிக்கர் எழுத்தாளரின் தாயாருக்கு மட்டும் சந்தோஷம் தரும்.

கடைக்காரரே விருது கொடுப்பதும் உண்டு. அமேசான் பிரிட்டனில் 2017-ல் தொடங்கிய கிண்டில் ஸ்டோரிடெல்லர் விருதுக்கு இருபதாயிரம் பவுண்ட். அங்கே கலந்துகொள்ள நூல் கிண்டிலில் இருக்க வேண்டும், எனவே போட்டி முடியும்போது கடைக்குப் புதுச் சரக்கும் சேர்ந்துவிடும். நம் ஊருக்கு அந்தக் காற்று 'பென் டு பப்ளிஷ்' என்று வந்தது. ஆங்கிலம், இந்தியோடு தமிழுக்கும் தனிப் பிரிவு. அது நடந்த மாதங்களில் தமிழ் முகநூல் திறந்தால் 'படித்துவிட்டு ரிவ்யூ போடுங்கள்' என்ற வேண்டுகோள்தான். எரிச்சல்பட்டவர்கள் உண்டு, கிண்டில் செயலியை அன்றுதான் முதல்முறை இறக்கியவர்களும் உண்டு. லாரன்ஸின் ஏற்பாட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது. அங்கே வாசிப்பது முன்பின் தெரியாத பத்துப் பேர், இங்கே முதலில் ஓடிவருவது எழுத்தாளரின் நண்பர் வட்டம். நண்பர்கள் தரும் ஐந்து நட்சத்திரம் முதல் வாரத்துக்குப் போதும், நூறாவது வாசகரைக் கூட்டிவராது. தமிழில் ஃபேன்டஸி எழுதுகிறவர்கள் அதிகமாகிவருகிறார்கள். ஐந்தாறு நேர்மையான விமர்சகர்கள் சேர்ந்து முப்பது புத்தகத்தைப் பகிர்ந்துகொண்டு படித்தாலே இங்கே ஒரு சின்ன எஸ்.பி.எஃப்.பி.ஓ. நடத்திவிடலாம், ஸ்பான்சர் வேண்டாம், அரங்கம் வேண்டாம்.

கடைசியாக எம். எல். வாங். ஜப்பானியச் சாயல் கொண்ட மலையோரக் கிராமத்தில் நடக்கும் 'தி சோர்ட் ஆஃப் கைகென்' நாவலை 2019-ல் தானே வெளியிட்டு ஐந்தாவது போட்டியில் வென்றார். வென்ற பிறகும் புத்தகம் ஓடிக்கொண்டேயிருந்தது, வாசகர்கள் காணொளிகளில் அதைக் காட்டி அழுதார்கள். அடுத்த நாவல் 'பிளட் ஓவர் பிரைட் ஹேவன்' வந்தபோது அவர் நேராகப் பதிப்பகத்துக்குப் போகவில்லை. 2023-ல் அதையும் சொந்தமாகவே போட்டார். 2024-ல் டெல் ரே பதிப்பகம் அதை வாங்கி வெளியிட்டது. பேரம் பேச உட்கார்ந்தபோது மேஜைமேல் அவர் வைக்க முடிந்தது ஒரு கோப்பையை மட்டுமல்ல, விற்றுக்கொண்டிருக்கும் இரண்டு புத்தகங்களை. அப்படி ஒரு பேரத்தில் எந்த உரிமையைக் கொடுப்பது, எதைக் கையில் வைத்துக்கொள்வது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)