வயிறு நிறைந்தால் போதுமா?

திருவனந்தபுரம் சாலைக் கடைவீதியை அடுத்த ஆரியசாலையில், சம்பளம் வாங்கிய மறுநாள் மளிகைக் கடையில் நம்மவர்கள் நீட்டும் சீட்டு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அரிசி, துவரம் பருப்பு, தேங்காயெண்ணெய், வெல்லம், புளி. கையில் காசு குறைந்தால் முதலில் அடிபடுவது பருப்பு. ‘அரிசி இருந்தால் போதும், அதுவும் தீர்ந்தால் கப்பைக் கிழங்கு இருக்கிறது, வயிறு நிறைந்துவிடும்’ என்று கணக்குப் போடுகிறோம்.

இந்தக் கணக்கு சரிதானா? ரசாயனம் வேறு விடை சொல்கிறது.

மனித உடலின் எடையில் நூற்றுக்குச் சுமார் 96 பங்கு நான்கே தனிமங்களால் ஆனது. அவை ஆக்சிஜன், கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன்.

விறகும் செங்கல்லும்

அரிசியிலும் கப்பையிலும் நிறைந்திருப்பது மாவுச்சத்து. குளுக்கோஸ் என்னும் சர்க்கரையை வரிசையாகக் கோத்த நீண்ட சங்கிலி அது. சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பதற்குக் காரணம், உமிழ்நீர் இச்சங்கிலியை அறுப்பதுதான். தேங்காயெண்ணெய் கொழுப்பு வகை. இவ்விரண்டிலும் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மட்டுமே உண்டு. நைட்ரஜன் கிடையாது. இவை உடலுக்கு விறகு போன்றவை. ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரியும், ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரியும் தரும்.

ஆனால் விறகைக் கொண்டு வீடு கட்ட முடியுமா? தசை, தோல், ரத்தத்தின் சிவப்பு ஆகிய அனைத்துக்கும் செங்கல் புரதம். புரதம் 20 வகை அமினோ அமிலங்களைக் கோத்த மாலை. ஒவ்வொரு அமினோ அமிலத்திலும் நைட்ரஜன் உண்டு. இவற்றில் 9 வகைகளை நம் உடல் தானாகச் செய்துகொள்ளாது. உணவிலிருந்துதான் வரவேண்டும்.

தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதம் எப்படி அமைந்துள்ளது என்று கண்டவர் ஜி.என். ராமச்சந்திரன். 1922இல் எர்ணாகுளத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954–55இல் அவர் காட்டியது இதுதான்: மூன்று இழைகள் கயிறு திரித்தாற்போல் ஒன்றையொன்று சுற்றியிருக்கின்றன.

பருப்பின் ரகசியம்

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான். ஆனாலும் மூச்சில் இழுத்து அதை நாம் பயன்படுத்த முடியாது. துவரை, உளுந்து, பயறு போன்ற செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன. அதனால்தான் 100 கிராம் துவரம் பருப்பில் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது. அரிசியில் சுமார் 7 கிராம். கப்பையிலோ ஏறத்தாழ 1 கிராம்தான்.

கப்பையைக் குறை சொல்வதற்கில்லை. விசாகம் திருநாள் மகாராஜா (1880–1885) ஊக்குவித்த பயிர் அது. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது திருவிதாங்கூரின் பசியைத் தணித்ததும் அதுவே. ஆனால் மலையாளிகள் கப்பையோடு மீன் கறியும் சேர்த்துக்கொள்கிறார்கள். கிழங்கில் இல்லாத புரதத்தை மீன் தருகிறது. கப்பையும் கட்டன் சாயாவும் மட்டுமே நாள்தோறும் உணவானால், மூட்டை தூக்கும் உடல் தன் தசையையே கரைக்கத் தொடங்கும். பிள்ளைகளின் வளர்ச்சியும் குன்றும்.

இன்னொரு விஷயம். அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது ஏராளம். பருப்பில் மெத்தியோனின் குறைவு. அரிசி அதை ஈடு செய்கிறது. சாம்பார் சாதமும், அரிசியோடு உளுந்து அரைத்த இட்டலியும் ரசாயனம் தெரியாமலே நம் பாட்டிமார் கண்ட கூட்டு.

வளர்ந்த ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 0.8 கிராம் புரதம் நாள்தோறும் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 48 கிராம். பருப்பு, கடலை, முட்டை, கருவாடு எது கட்டுப்படியாகிறதோ அது போதும்.

அடுத்த மாதம் சீட்டு எழுதும்போது காசு குறைந்தால், வெல்லத்தைக் குறைக்கலாம். பருப்பை அடிக்க வேண்டாம்.