கைக்குத்தல் அரிசி சர்க்கரையைக் குறைக்குமா?

நமது திண்டுக்கல் கடைகளில் வாடிக்கையாளர் இப்படிக் கேட்டால், ஆராய்ச்சியில் கண்டதைத்தான் நாம் சொல்ல வேண்டும்.

சென்னையிலுள்ள மெட்ராஸ் சர்க்கரை நோய் ஆராய்ச்சி நிறுவனமும் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து இதைச் சோதித்தன. 2014-இல் வெளியான சோதனையில், தவிடு நீக்காத அரிசியை ஐந்து நாள் சாப்பிட்டவர்களுக்கு, வெள்ளை அரிசியைவிடச் சர்க்கரை ஏற்றம் சுமார் 20 சதவீதம் குறைந்தது. பருப்பு வகையும் சேர்த்தபோது 23 சதவீதம். (பருப்பு மண்டிக்காரர்கள் கவனிக்க!) ஆனால் சோதிக்கப்பட்டவர்கள், உடல் பருமனான 15 பேர்தான்.

இதை நம்பிக் கடையில் பலகை எழுதி மாட்டிவிடக் கூடாது. பிறகு 166 பேரைச் சேர்த்து, மூன்று மாதம் ஓர் அரிசி, மூன்று மாதம் மற்றது என்று கொடுத்துப் பார்த்தார்கள். 2019-இல் முடிவு வந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையில் மொத்தத்தில் பெரிய வித்தியாசமில்லை. தொந்தி, இரத்தக் கொதிப்பு போன்றவை சேர்ந்திருந்தவர்களுக்கே பலன் தெரிந்தது. "சாப்பிடுங்கள், மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்" என்று சொல்லி விற்பதே முறை. பாதி தீட்டிய அரிசியைக் கைக்குத்தல் என்று விற்பது மோசடி.

தவிட்டில் எண்ணெய் உண்டு. கோடையில் காறல் வாடை வரும், வண்டும் விழும். சீக்கிரம் விற்றுத் தீரும் அளவுக்கே கொள்முதல் செய்யுங்கள்.