கையில் ஒரு கணினி – 9: பொடி எழுத்தில் இருக்கிறது வேகம்

2012 மார்ச்சில் ஆப்பிள் நிறுவனம் மூன்றாம் தலைமுறை ஐபேடைக் கொண்டுவந்தது. திரையில் இருந்த புள்ளிகளின் எண்ணிக்கை முந்தைய மாடலைவிட நான்கு மடங்கு. அத்தனையையும் ஒளிரவைக்க வேண்டுமே! அதனால் 25 வாட்-மணியாக இருந்த பேட்டரி 42.5 வாட்-மணியாகப் பெருத்தது. ஆனால் பெட்டிக்குள் வந்த சார்ஜர் பழைய 10 வாட் சார்ஜரேதான். காலியான ஐபேட் நிரம்ப ஐந்தாறு மணி நேரம் பிடித்தது. சார்ஜரைச் சொருகியபடியே கனமான விளையாட்டுகளை ஆடியவர்களுக்குச் சதவீதம் ஏறவே மாட்டேன் என்றது. அதே ஆண்டு இறுதியில் வந்த நான்காம் தலைமுறைக்கு 12 வாட் சார்ஜர் கொடுத்தார்கள்.

அன்று ஒரு மாடலுக்கு நேர்ந்தது இன்று பல வீடுகளில் தினமும் நடக்கிறது. டேப்லெட்டுடன் சார்ஜர் வருவது குறைந்துவிட்டது. அலமாரியில் கிடக்கும் பழைய போன் சார்ஜரை எடுத்துச் சொருகுகிறோம். இரவு முழுக்கப் போட்டும் காலையில் முக்கால்வாசிதான் ஏறியிருக்கிறது என்றால், டேப்லெட்டைக் குறை சொல்வதற்கு முன் சார்ஜரைப் பாருங்கள்.

பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் மில்லியாம்பியர்-மணி பற்றிச் சென்ற வாரம் பேசினோம். அதை வைத்தே கணக்குப் போடலாம். சாம்சங் டேப் எஸ்9-இல் இருப்பது 8,400 மில்லியாம்பியர்-மணி பேட்டரி. சுமார் 3.85 வோல்ட்டால் பெருக்கினால் ஏறக்குறைய 32 வாட்-மணி. 5 வாட் சார்ஜர் என்றால், வெப்பமாக வீணாவதையும் சேர்த்து, எட்டு மணி நேரம் வரை ஆகும். 10 வாட்டுக்கு நான்கு மணி. இது திரையை அணைத்து வைத்திருந்தால்! பிள்ளை அதில் வீடியோ பாடம் பார்த்துக்கொண்டிருந்தால், திரையும் வைஃபையுமே சில வாட்டுகளைத் தின்றுவிடும். மிச்சம்தான் பேட்டரிக்குப் போகும். கணினியின் பழைய யுஎஸ்பி துளையில் சொருகுவது இன்னும் மோசம். யுஎஸ்பி 2.0 துளைக்கு வகுத்த அளவே 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது இரண்டரை வாட்தான்.

அப்படியானால் பெரிய சார்ஜராக வாங்கிவிடலாமா, டேப்லெட் கெட்டுவிடாதா என்று பலரும் தயங்குகிறார்கள். இந்தப் பயம் வேண்டாம். இப்போதைய டைப்-சி சார்ஜர்களில் ‘பவர் டெலிவரி’ என்ற பொது முறை இருக்கிறது. சொருகியதும் சார்ஜர் தன்னால் கொடுக்க முடிந்த அளவுகளை அறிவிக்கும்: 5 வோல்ட், 9 வோல்ட், 15 வோல்ட், 20 வோல்ட் என்று. டேப்லெட் தனக்குப் பொருந்துவதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். லேப்டாப்பின் 65 வாட் பவர் டெலிவரி சார்ஜரில் போட்டாலும் டேப்லெட் தன் அளவுக்கு மேல் இழுக்காது. ஆனால் நீளச் செவ்வகமாக இருக்கும் பழைய டைப்-ஏ துளையில் இந்தப் பேச்சுவார்த்தை நடக்காது. இரு முனையிலும் டைப்-சி உள்ள கேபிள்தான் வேண்டும்.

சிக்கல் வருவது 45 வாட் விஷயத்தில். சாம்சங்கின் டேப் எஸ் வரிசை அந்த உச்ச வேகத்துக்குப் போக, பவர் டெலிவரியோடு ‘பிபிஎஸ்’ என்ற வசதியும் சார்ஜரில் இருக்க வேண்டும். வோல்ட்டை நொடிக்கு நொடி சிறிது சிறிதாகக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு அது. சாம்சங்கின் 45 வாட் சார்ஜர் பிபிஎஸ் முறையில் 4.05 ஆம்பியர் வரை தரும். சாதாரண டைப்-சி கேபிளோ 3 ஆம்பியர்தான் தாங்கும். ஆகவே, உள்ளே அடையாளச் சில்லு பொருத்திய 5 ஆம்பியர் கேபிள் இல்லாமல் அந்தச் சார்ஜருக்குக் கொடுத்த பணம் முழுப் பயன் தராது. ஒன்பிளஸ் பேட் வேறு கதை. அதன் 67 வாட் வேகம் ‘சூப்பர்வூக்’ என்ற சொந்த முறையைச் சேர்ந்தது; அவர்களுடைய சார்ஜரும் கேபிளும் இல்லாமல் கிடைக்காது. நிறுவனங்கள் இப்படித் தனி வழி வைத்துக்கொள்வது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

பத்து, பதினோரு அங்குல டேப்லெட்டுக்கு 20 முதல் 30 வாட் பவர் டெலிவரி சார்ஜர் தாராளம். பன்னிரண்டு அங்குலத்துக்கு மேல் என்றால் 45 வாட், அதுவும் உங்கள் மாடல் அவ்வளவு ஏற்கும் என்றால் மட்டும். 100 வாட்டுக்குச் செலவழிக்காதீர்கள். எவ்வளவு பெரிய சார்ஜரானாலும் எண்பது சதவீதம் தாண்டியதும் டேப்லெட்டே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இரண்டு துளை உள்ள சார்ஜர் வாங்கினால், இரண்டிலும் சொருகும்போது ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று கேளுங்கள்; 65 வாட் என்பது பெரும்பாலும் பங்கு பிரிக்கப்படும்.

டப்பாவின் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது விளம்பரம். சார்ஜரின் உடம்பில் ‘அவுட்புட்’ என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 5 வோல்ட் 2 ஆம்பியர் என்று மட்டும் இருந்தால் அது 10 வாட். ‘ஃபாஸ்ட்’ என்று எத்தனை முறை எழுதியிருந்தாலும் 10 வாட்தான். 9 வோல்ட் 2.22 ஆம்பியர் என்றிருந்தால் 20 வாட். பக்கத்திலேயே இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்-இன் முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் கடையில் நின்றபடியே சரிபார்க்கலாம். 230 வோல்ட் மின்சாரத்துக்கும் உங்கள் பிள்ளையின் கைக்கும் நடுவே இருப்பது இந்தச் சின்னப் பெட்டிதான். பதிவு எண் இல்லாத சார்ஜரை, பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

(தொடரும்)