தேங்காய்ச் சிலந்தியும் நம் கடைச் சரக்கும்



பௌர்ணமி கிரிவலம், கார்த்திகை தீபம் என்றால் திருவண்ணாமலைக்கும் நம் கீழ்பென்னாத்தூர் வட்டாரத்துக்கும் தேங்காய் எவ்வளவு தேவை என்பது நாம் அறிந்ததே. அந்த நேரத்தில் வரும் லோடில் பொடிக்காய் அதிகம் கலந்திருந்தால் மண்டிக்கும் நஷ்டம், சில்லறைக் கடைக்கும் நஷ்டம். காய் சிறுப்பதற்கு ஒரு முக்கியக் காரணம் ஈரியோபைட் என்னும் சிலந்தி.

மெக்சிகோ நாட்டில் 1965-இல் இனம் காணப்பட்ட இது, 1998-இல் கேரளத்து எர்ணாகுளம் மாவட்டத்தில் தென்பட்டது. காற்றில் பரவக்கூடியதாகையால் விரைவிலேயே தமிழகத் தோப்புகளுக்கும் வந்துவிட்டது. கால் மில்லிமீட்டர் நீளமே உள்ளதால் வெறும் கண்ணுக்குத் தெரியாது. குரும்பையின் காம்பு மூடிக்குள் புகுந்து சாற்றை உறிஞ்சும். அந்த இடம் முதலில் வெளுத்து, பிறகு பழுப்பாகி வெடிக்கும். காய் சிறுத்துக் கோணிப்போகும். மட்டை இறுகுவதால் உரிகூலியும் கூடும்.

இதற்கு காசர்கோடு மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தார் சொன்ன மருந்துக்கு வேண்டிய மூன்றும் நம் கடையிலேயே உள்ளன. 10 லிட்டர் தண்ணீருக்கு வேப்பெண்ணெய் 200 மில்லி, பூண்டு 200 கிராம், பார் சோப்பு 50 கிராம். சோப்பைக் கரைத்து, எண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டு நன்றாகக் கலக்க வேண்டும். அரைத்து வடிகட்டிய பூண்டுச் சாற்றைச் சேர்த்து அன்றே தெளித்துவிட வேண்டும். இளங்குலைகளின் காம்பு மூடி நனைய வேண்டும். சிலந்தி மூடிக்குள் ஒளிந்திருப்பதால் ஒரு முறை அடித்தால் போதாது. வருடத்துக்கு மூன்று முறை தேவை. அடியோடு ஒழியாது, சேதம் குறையும். மரத்துக்கு 5 கிலோ வேப்பம் புண்ணாக்கும் எருவோடு இடலாம்.

மரம் ஏற ஆள் கிடைக்காதவர்கள் வேர் வழியே வேப்ப மருந்து செலுத்துவதுண்டு. அதன்பின் 45 நாள் காய் வெட்டக் கூடாது என்பது அறிவுரை. தோப்பில் காய் பேசும் வியாபாரிகள் இதைக் கேட்டறிந்து வாங்குதல் நலம். சிலந்திக்கு அடித்து வந்த டைகோபால் மருந்து 2023-இல் மத்திய அரசால் தடை செய்யப்பட்டுவிட்டது என்பதும் நினைவிருக்கட்டும்.

நாம் செய்ய வேண்டியவை:

1. வேப்பெண்ணெயில் வேறு எண்ணெய் கலந்தால் குடியானவரின் கூலியும் காயும் சேர்ந்தே வீண். கலப்படமற்ற சரக்கையே விற்போம். வெயிலில் அதன் வீரியம் குறையும், நிழலில் வைப்போம். சமையல் எண்ணெய் அருகில் வைக்க வேண்டாம்.

2. மட்டையில் தழும்பு இருந்தால் உள்ளே பருப்பு கெட்டது என்று பொருளல்ல. இளநீர் வாங்குவோருக்கும் இதை எடுத்துச் சொல்லலாம்.

3. எண்ணிக்கைக்குப் பதில் எடை போட்டு வாங்கினால் பொடிக்காய் பற்றிய சச்சரவு தீரும். தோப்பைப் பராமரித்துப் பெருங்காய் தருபவருக்கு உரிய விலையும் கிடைக்கும்.

விளைவிப்பவர் நிமிர்ந்தால்தான் நம் தராசும் நிமிரும். உறுப்பினர்கள் தங்களிடம் சரக்கு வாங்கும் விவசாயிகளுக்கு இந்த அளவுகளை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் அதுவே பெரிய உதவி.